கோலனுக்கு முன்னால் இரண்டு இடைவெளி

ஆய்வகச் சாவி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. சர்வரை எப்படி இயக்குவது, யு.பி.எஸ். பேட்டரிக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் சிவப்பு ஃபைலில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். அதில் இல்லாத ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று லேப் பொறுப்பாசிரியர் மேடம் சொன்னார். நன்றாகச் செய்ததை எழுத எனக்குக் கூச்சம். தப்பாகச் செய்ததை எழுதுகிறேன்.

நான் பத்தாவது. அதன்பின் ஐ.டி.ஐ., ஃபிட்டர். கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் பட்டறையில் ஒன்பது வருடம் இருந்தேன். பிறகு இந்தக் கல்லூரி. முதலில் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப், அப்புறம் ஆள் பற்றவில்லை என்று கம்ப்யூட்டர் லேப். புரோகிராம் எழுத எனக்கு வராது. எழுதினது ஓடுகிறதா என்று பார்க்க வரும். அதை வைத்துத்தான் ஓய்வு பெறும்வரை காலம் ஓடியது.

ரெக்கார்ட் நோட்டு உங்களுக்குத் தெரியும். வலப்பக்கம் புரோகிராம். இடப்பக்கம், அது திரையில் காட்டிய விடை, பென்சிலில். மேடம் கையெழுத்துப் போடும் முன் நான் ஒருமுறை பார்த்து அனுப்புவது வழக்கம். புரோகிராம் எனக்குப் புரியாது. அதனால் இடப்பக்கத்தைப் பார்ப்பேன். டோட்டல், ஆவரேஜ் என்று எழுதி, கோலன் என்கிற இரட்டைப் புள்ளி போட்டு எண் எழுதியிருப்பார்கள். கோலன் எல்லாம் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நோட்டு திரும்பும்.

எஸ்தர் என்று ஒரு மாணவி. பவானிப் பக்கம் ஊர். அப்பா தோட்ட வேலையிலிருந்து லோடு ஆட்டோவுக்கு மாறியவர். வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் அவள்தான். அவள் நோட்டை ஒரே வாரத்தில் மூன்று முறை திருப்பினேன்.

“ஏனுங்கண்ணா, விடை சரிதானுங்களே?” என்றாள்.

“விடை சரி அம்மணி. பார்வையா இல்ல.”

“கம்ப்யூட்டரே ஒண்ணும் சொல்லலீங்க. உங்களுக்குத்தான் கோணலாத் தெரியுது.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நோட்டை நீட்டினேன். அழித்து எழுதிக்கொண்டு வந்தாள்.

பிறகு தானாகத் திருத்தும் மென்பொருள் வந்தது. அது செய்யும் வேலை எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் ஆறு வகை எண்களும், அவற்றுக்கு வர வேண்டிய ஆறு விடை ஃபைலும் கொடுத்து வைப்போம். மாணவரின் புரோகிராம் அச்சிடுவதை அந்த ஃபைலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை. போகாவிட்டால் சிவப்பு. எங்கே தப்பு என்று சொல்லாது. இடைவெளியும் அதற்கு ஓர் எழுத்து.

விடை ஃபைல் தயார் செய்வது என் வேலை. மேடம் எழுதிய புரோகிராமை ஓட்டி, வருவதை அப்படியே சேமிக்க வேண்டும். அப்படியே என்பதுதான் அதில் முக்கியம்.

செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள். முதல் கேள்வி, ஐந்து பாட மதிப்பெண்ணை வாங்கி மொத்தமும் சராசரியும் தனித்தனி வரியில் அச்சிட வேண்டும். மேடத்தின் புரோகிராமை ஓட்டினேன். விடை வந்தது. ஆங்கிலத்தில் டோட்டல் ஐந்து எழுத்து, ஆவரேஜ் ஏழு எழுத்து. கோலன் கோணலாக நின்றது. மறுநாள் வேறு கல்லூரியிலிருந்து வெளித் தேர்வாளர் வருகிறார். அவர் திறந்து பார்த்தால் பார்வையாக இருக்கட்டும் என்று டோட்டலுக்குப் பின்னால் இரண்டு இடைவெளி தட்டினேன். கோலன் நேரானது. ஆறு ஃபைலிலும் தட்டினேன். திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

கேள்வித்தாளில் மாதிரி விடை, மேடம் தட்டியபடி, இடைவெளி இல்லாமல் இருந்தது. நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியது. அறுபது பேர். பத்து மணிக்கெல்லாம் திரைகளில் சிவப்பு வர ஆரம்பித்தது. பத்தரைக்கு வரிசை வரிசையாகச் சிவப்பு.

“என்னங்கண்ணா இது, முதல் கேள்விக்கே?” என்று மேடம் கேட்டார்.

“பிள்ளைங்க படிக்கலீங்க மேடம்,” என்றேன்.

எஸ்தர் கை தூக்கினாள். போனேன்.

“அண்ணா, எனக்கு எதுவும் தப்பாத் தெரீலீங்க. சிவப்பே வருதுங்க.”

“தேர்வுல நான் சொல்லக் கூடாது கண்ணு. மறுபடி பாரு.”

“நாலு தடவை பாத்துட்டேனுங்க.”

“அஞ்சாவது தடவை பாரு.”

பார்த்தாள். பதினொன்றரைக்கு அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதும் நான் தண்ணீர் பாட்டிலைத்தான் கொண்டுபோய் வைத்தேன்.

அவளுக்கு அந்தத் தேர்வில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனி அவளை எடுத்திருந்தது. கடிதம் வந்தபோது லேபில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். கடிதத்தில் ஒரு வரி உண்டு. அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்தத் தேர்வில் முதல் கேள்வி போனால் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாவிட்டால் அரியர்.

பன்னிரண்டரைக்கு முடிந்தது. மேடமும் தேர்வாளரும் சாப்பிடக் கேன்டீனுக்குப் போனார்கள். நான்கு மணிக்குள் மதிப்பெண் ஏற்ற வேண்டும். ஏற்றினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

நான் லேபில் தனியாக உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தேன். பத்தொன்பது பச்சை. நாற்பத்தொன்று சிவப்பு. பச்சையில் இருந்த பெயர்களைப் படித்தேன். இரண்டு பேர் சுமாரான பிள்ளைகள். நன்றாகப் படிக்கிறவர்கள் பாதிப்பேர் சிவப்பில். திரும்பப் படித்தேன். அப்போதுதான் பட்டது. அந்தப் பத்தொன்பது பேரும் என்னிடம் ரெக்கார்ட் நோட்டு திரும்பாத பிள்ளைகள். கோலனை நேராக வைத்துப் பழகியவர்கள்.

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். விடை ஃபைலைத் திறந்தேன். கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்தேன். என் இரண்டு இடைவெளி அங்கே நின்றது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பாஸ்வேர்ட் என்னிடம் இருந்தது. ஆள் யாரும் இல்லை. இடைவெளியை எடுத்துவிட்டு, எல்லோருடைய விடையையும் மென்பொருளை மறுபடி திருத்தச் சொன்னால் பட்டியல் மாறிவிடும். மேடம் வந்து பார்த்தால், சர்வர் மெதுவாக இருந்தது, இப்போதுதான் முழுசாக வந்தது என்று சொல்லலாம். நம்புவார். பத்தொன்பது பேருக்குப் பாதகம் வராமல் இருக்க இரண்டு மாதிரியையும் ஏற்கச் சொல்லும் வழியும் எனக்குத் தெரியும். அப்படியே செய்துபார்த்தேன். நாற்பத்தொன்றில் முப்பத்திரண்டு பச்சையானது. மூச்சு வந்தது.

ஒன்பது மிச்சம் இருந்தது. எஸ்தர் அதில் இருந்தாள்.

அவள் கடைசியாகக் கொடுத்ததைத் திறந்தேன். எனக்கே தெரிந்தது, அது குப்பை. வகுத்த இடத்தில் பெருக்கியிருந்தாள். ஐந்து என்பது நான்காகி இருந்தது. வேண்டாத வரிகள் நிறைய. மென்பொருள் ஒவ்வொரு முறை கொடுத்ததையும் நேரத்தோடு வைத்திருக்கும். மேலே போனேன். பதினான்கு முறை கொடுத்திருந்தாள். முதல் முறை, ஒன்பது ஐம்பத்திரண்டு. அதை மட்டும் எடுத்துத் திருத்தினேன். ஆறும் பச்சை.

இருபத்திரண்டு நிமிடத்தில் சரியாக எழுதிவிட்டாள். அதன்பின் இரண்டரை மணி நேரம், நான் சொன்னபடி மறுபடி மறுபடி பார்த்து, சரியாக இருந்ததைத் தன் கையாலேயே உடைத்துப்போட்டாள். ஒன்பதில் ஏழு பேர் அப்படி. மற்ற இரண்டு பேருக்கு நிஜமாகவே வரவில்லை.

கடைசியாகக் கொடுத்ததுதான் கணக்கு என்பது விதி. கேள்வித்தாளின் மேலே அச்சிட்டிருந்தது. அதை என்னால் மாற்ற முடியாது. மாற்றச் சொல்ல வேண்டுமானால், ஏன் என்று சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு பேரைச் சத்தமில்லாமல் சரிபண்ணலாம். இந்த ஏழு பேரைச் சத்தம் போடாமல் சரிபண்ண வழி இல்லை.

கேன்டீனுக்குப் போனேன். தேர்வாளர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த மனிதர். ஈரோடு போக நான்கரைக்கு வண்டி என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

“மேடம், விடை ஃபைல்ல நான் கை வெச்சுப்போட்டேனுங்க,” என்றேன்.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். “என்னங்கண்ணா சொல்றீங்க?”

சொன்னேன். இடைவெளி, கோலன், நாற்பத்தொன்று, முப்பத்திரண்டு, ஏழு.

தேர்வாளர் கேட்டார். “கேள்வித்தாள்ல கோலன் நேரா நிக்கணும்னு எழுதியிருக்குங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப அந்த முப்பத்திரண்டுக்கு யோசிக்கவே வேண்டாமுங்க. எழுதாததைக் கேட்டிருக்கீங்க. மார்க் போட்டுருங்க. இந்த ஏழுதான் ஒப்பலீங்க. கடைசியாக் குடுத்ததுதான் கணக்குன்னு எழுதியிருக்குது. எழுதினதையும் மாத்தினா அப்புறம் விதி எதுக்குங்க?”

மேடம் சொன்னார். “சார், பிள்ளைங்க மொதல்லயே சரியா எழுதியிருக்காங்க.”

“இருக்கலாமுங்க. கடைசியாத் தப்பா எழுதியிருக்காங்களே. அதுவும் அவங்க கைதானுங்களே?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் பேச வராது. பட்டறைதான் ஞாபகம் வந்தது. அதையே சொன்னேன்.

“சார், நான் கணபதில பம்ப் பட்டறைல இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவனுங்க. ஓட்டை அளவு பாக்க ஒரு கேஜ் வெச்சிருப்போம். உள்ள போனா பாஸ். போகலீன்னா இன்னும் கொஞ்சம் கடைஞ்சு கொண்டான்னு அனுப்புவோம். ஒரு நாள் கேஜ் கீழ விழுந்து ஓரம் நசுங்கிப்போச்சு. நான் பாக்கலீங்க. நல்ல பீஸுக்குள்ள எல்லாம் போகல. திருப்பித் திருப்பி அனுப்பினேன். அவங்களும் கடைஞ்சு கடைஞ்சு கொண்டாந்தாங்க. சாயங்காலம் பாத்தா ஒரு தட்டு பீஸும் லூஸாகிப் போச்சு. கெடுத்தது அவங்க கைதானுங்க. கெடுக்கச் சொன்னது என்னோட கேஜு.”

தேர்வாளர் மோரை முடித்தார். டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

“அந்த ஆளுகளுக்கு என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலீங்க. கடைசல்காரர் மேல எழுதிப்போட்டாங்க. நான் வாயைத் திறக்கல.”

அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில்கூட.

அவர் எழுந்தார். “வாங்க, அந்த ஏழு பேர் எழுதினதையும் பாக்கலாம்.”

லேபில் ஏழு பேரின் முதல் விடையையும் தானே திறந்து படித்தார். ஒருவனுடையதில் நின்றார். “இவன் மூணாவது தடவைதான் சரியா எழுதியிருக்கான். பரவால்லீங்க, சரி சரிதான்.” பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். “நடந்ததை எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்து மேல. கீழ நாங்க ரெண்டு பேரும் போடறோம். வாயால சொன்னதை வெச்சு நான் விதியை மாத்த மாட்டேனுங்க.”

ஆறு வரி எழுதினேன். தமிழில்தான். அவர் படித்துவிட்டு ஒரு வரி சேர்த்தார். சரியான விடை ஏற்கெனவே கொடுக்கப்பட்டு, தவறான சிவப்பு காட்டப்பட்டிருந்தால், அந்த விடையே கணக்கில் கொள்ளப்படும். மூன்று கையெழுத்து. மூன்று ஐம்பதுக்கு மதிப்பெண் ஏறியது. அவருக்கு வண்டி கிடைத்ததா என்று தெரியாது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போன நேரத்தை எங்களால் திருப்பித் தர முடியவில்லை. முதல் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் பலர் இரண்டாவதைத் தொடவே இல்லை. அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண்தான். எஸ்தருக்கு வெறும் பாஸ். எனக்கு மெமோ வந்தது. ஒரு செமஸ்டர் தேர்வு வேலை கிடையாது. வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு நான்கு மணிக்கு எஸ்தர் லேப் வாசலில் நின்றாள். பெஞ்சில் பை. முகம் வீங்கியிருந்தது.

“பாஸ் அம்மணி,” என்றேன்.

“எப்புடிங்கண்ணா? நாந்தான் கடைசி வரைக்கும் சிவப்புங்களே.”

“நீ மொதல்ல எழுதினது சரி. ஒம்போது அம்பத்திரண்டுக்கு எழுதினது. தப்பு இருந்தது என்னோட ஃபைல்ல.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “அஞ்சாவது தடவை பாக்கச் சொன்னீங்களேங்கண்ணா.”

“சொன்னேன்.”

“நீங்க ஒரு தடவை பாத்திருந்தாப் போதுமுங்க.”

பையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த மெமோவை எங்கே வைத்தேன் என்று தெரியாது. இது மறக்கவில்லை.

இதற்குப் பிறகு இன்னொரு தப்பும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பயந்துபோய் எல்லாவற்றையும் தளர்த்தச் சொன்னேன். இடைவெளி, வரி மாறுவது எதையும் பார்க்க வேண்டாம், எடுத்துவிட்டு ஒப்பிடு என்று மென்பொருளில் வைத்தோம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எங்கும் பச்சை. இரண்டு வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார்.

“ஏனுங்கண்ணா, பன்னெண்டும் மூணும், ஒண்ணும் இருபத்திமூணும் ஒண்ணுங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“உங்க மிஷின் ஒண்ணுங்குது.”

பார்த்தேன். இரண்டு எண்ணை ஒரே வரியில் அச்சிட வேண்டிய கேள்வி. சரியான விடை பன்னிரண்டு, மூன்று. ஒரு பையனின் புரோகிராம் ஒன்று, இருபத்திமூன்று என்று காட்டியது. இடைவெளியை எடுத்தால் இரண்டும் நூற்றிருபத்திமூன்று. பச்சை. அவனும் தனக்குப் பாடம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டான்.

பட்டறையில் இதை நான் கற்றிருக்க வேண்டும். பம்பில் பேரிங் உட்காரும் இடத்துக்கு மயிரிழை அளவு பார்ப்போம். பெயின்ட் அடிக்கிற வெளிப்பக்கத்துக்கு யாரும் கேஜ் வைப்பதில்லை. எங்கே இறுக்கம், எங்கே தளர்வு என்று வரைபடத்திலேயே போட்டிருக்கும். கடைகிறவர் வேலையைத் தொடும் முன்பே அது அவர் கையில் இருக்கும். பிறகு யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

அதனால் இப்போது ஒவ்வொரு கேள்வியின் கீழும் ஒரு வரி இருக்கும். இந்தக் கேள்வியில் இடைவெளி பார்க்கப்படும், அல்லது பார்க்கப்படாது. எண்ணைக் கணக்கிடுவதுதான் பாடம் என்றால் பார்க்க மாட்டோம். அட்டவணை வரைவதுதான் பாடம் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்போம், முன்கூட்டியே சொல்லிவிட்டு. சிவப்பு வந்தால் கீழே இரண்டு வரி தெரியும். நீ அச்சிட்டது, நாங்கள் எதிர்பார்த்தது. இடைவெளி இருக்கும் இடத்தில் சின்னப் புள்ளி தெரியும். அதை வாங்க மேடம் மூன்று மாதம் மென்பொருள்காரர்கள் பின்னால் நடந்தார். அதை யாராவது எடுக்கச் சொன்னால் விடாதீர்கள்.

ரெக்கார்ட் நோட்டில் கோலன் கோணலாக இருந்தால் இப்போதும் எனக்குக் கண் உறுத்தும். திருப்ப மாட்டேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மாதிரித் தேர்வுக் கேள்வியை மாணவர்களுக்குப் போடும் முன், விடை தெரியாத ஒரு ஆள், வெறும் கேள்வித்தாளோடு உட்கார்ந்து எழுத வேண்டும். மேடமோ நானோ எழுதினால் பயன் இல்லை. எங்களுக்கு மனதில் இருப்பது தாளில் இருப்பதாகத் தோன்றும். யாரைக் கூப்பிடுவது என்று கேட்டபோது மேடம் யாருக்கோ போன் செய்தார். அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டரில் வந்து இறங்கியது எஸ்தர். சரவணம்பட்டிக் கம்பெனியில் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

“அங்க எப்புடி அம்மணி? கோலன் எல்லாம் பாக்கறாங்களா?” என்று கேட்டேன்.

“உங்களைவிட மோசமுங்கண்ணா. ஒரு இடம் தள்ளியிருந்தா ஃபைலே திரும்பி வந்துரும். ஆனா எங்க எத்தனை இடம்னு மொதல்லயே எழுதிக் குடுத்துருவாங்க.”

அதிலிருந்து ஒவ்வொரு செமஸ்டரும் வருகிறாள். டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

நான் ஓய்வு பெறும் முன் கடைசியாக வந்தபோது, ஜன்னல் ஓரம் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். மூன்று கேள்வி பச்சை. நான்காவது சிவப்பு. நான் பின்னால் நின்று பார்த்தேன். அவள் கை கீபோர்டுக்குப் போகவில்லை. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

“அண்ணா, ஃபைலைப் பாருங்க.”

பார்த்தேன். அவள் எழுதியது சரி.